மஞ்சளாகவே நின்ற குழிகள்

இடக்கை தட்டின் விளிம்பைப் பட்டும் படாமலும் பிடித்திருந்தது. வலக்கையில் சாயத்தை உறிஞ்சி விடும் எட்டு மூக்குப் பிப்பெட். கட்டைவிரல் முதல் தடைவரை அழுந்தி, ஒரு மூச்சு நின்று, மெதுவாக மேலே வந்தது. எட்டு மூக்கிலும் மஞ்சள் சாயம் ஒரே உயரத்துக்கு ஏறியிருக்கிறதா என்று கண் பார்த்துக்கொண்டது. பிறகு கை நகர்ந்து, குழிகளின் சுவரோரமாகச் சாயத்தை விட்டது. நடுவில் விட்டால் அடியில் ஒட்டியிருக்கும் செல்கள் பெயர்ந்துவிடும். இப்படிப் பன்னிரண்டு முறை செய்தால் ஒரு தட்டு முடியும். தட்டுக்குத் தொண்ணூற்றாறு குழிகள், ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடச் சின்னது.

குழிகளுக்குள் இருந்தவை புற்றுச் செல்கள். எந்தக் காலத்திலோ ஒரு பெண்ணின் மார்பிலிருந்து எடுத்து, அவள் போன பிறகும் ஆய்வகங்கள் வளர்த்து, பிரித்து, பங்கு போட்டுக்கொண்டு வருகிற செல்கள். சாயத்தை விட்டு மூன்று மணி நேரம் காத்திருந்தால், உயிரோடிருக்கிற செல் அதை ஊதாவாக மாற்றிவிடும். செத்த செல்லால் அது முடியாது. அந்தக் குழி மஞ்சளாகவே நிற்கும்.

இருபத்திரண்டு வருட வேலையில் இந்தத் தட்டுகளை ஆயிரக்கணக்கில் பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் மஞ்சள் வராதா என்றுதான் மனம் அடித்துக்கொள்ளும். அன்றைக்கு முதல் முறையாக ஊதா வர வேண்டும் என்று ஆசைப்பட்டாள். புற்றுக்கு மருந்தென்று கடையில் விற்ற பொடியைப் போட்ட குழி அத்தனையும் ஊதாவாக வேண்டும். புற்று பிழைத்துப் போகட்டும். பொடிக்காரன் பிழைக்கக் கூடாது.

அந்தக் கட்டடத்தில் அவளுக்குப் பெயர் காளானக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த ஸ்டோர்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். "நான் அக்கான்னு கூப்பிடுறது உன் வயசுக்கில்ல, உன் கோபத்துக்கு" என்பார்.

கண்ணாடிப் புட்டி கழுவுகிற வேலைக்குத்தான் முதலில் வந்தாள். கழுவ வரும் புட்டிகளில் சிலவற்றில் வெள்ளைப் பஞ்சு போன்ற பூசணம் படர்ந்திருக்கும். எது பாழாய்ப் போன புட்டி, எது வேண்டுமென்றே வளர்த்தது என்று தெரியாமல், ஒருநாள் ஆராய்ச்சி மாணவர் ஒருவரின் நான்கு மாத வளர்ப்பைச் சுடுநீரில் தேய்த்துக் கழுவிவிட்டாள். அன்று வாங்கிய வசவுக்குப் பிறகு, எந்தப் புட்டியையும் கழுவுமுன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கத் தொடங்கினாள். பார்த்துப் பார்த்துக் கண் படித்தது. கண் படித்ததைக் கை படித்தது. பத்தாவது வருடத்தில் அங்கே காளான் வளர்ப்பது முழுக்க அவள் பொறுப்பாகிவிட்டது. அவள் கையில் எந்தப் பட்டமும் இல்லை. பட்டம் வாங்கியவர்கள் பூசணம் பிடித்த தட்டை எடுத்துக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள்.

அவள் வளர்த்ததில் முக்கியமானது ஒரு மரக்காளான். கட்டையில் விசிறிபோல் விரிந்து, அரக்குப் பூசியதுபோல் பளபளக்கும். ஆய்வகத்தில் அதற்கு 'மினுக்கி' என்று பெயர். அதிலிருக்கும் ஏதோ ஒரு சத்து புற்றுச் செல்லைக் கொல்லுமா என்பதுதான் ஆய்வகத்தை நடத்திய பேராசிரியரின் ஆராய்ச்சி. ஆறு வருடங்களுக்கு முன் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஒரு படம் வந்தது. தட்டின் இடப்பக்கம் ஊதா. வலப்பக்கம் போகப் போக வெளிறி, கடைசி மூன்று வரிசை பளிச்சென்ற மஞ்சள். தட்டைத் தயாரித்தவளும் படம் எடுத்தவளும் காளானக்காதான். கட்டுரையின் கடைசியில், சின்ன எழுத்தில், 'வளர்ப்பில் உதவிய ஊழியருக்கு நன்றி' என்று இருந்தது.

அந்தப் படம்தான் பிறகு ஒரு பொடிப் புட்டியின் மேல் ஒட்டிக்கொண்டது.

அவள் தங்கைக்கு மார்பில் கட்டி வந்தபோது மருத்துவர்கள் பயமுறுத்தவில்லை. ஆரம்பத்திலேயே பார்த்தாயிற்று, அறுவை முடிந்ததும் ஆறு முறை மருந்து ஏற்றிக்கொண்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு என்றார்கள். தங்கை முதல் முறை ஏற்றிக்கொண்டாள். மூன்று நாள் வாந்தி. பிறகு முடி கொத்துக் கொத்தாக வந்தது. அவளுடைய முடி இடுப்புவரை இருக்கும். அதைப் பின்னிவிட்டே வளர்த்தவள் அக்காதான். இரண்டாவது முறைக்கு நாள் குறித்த வாரத்தில் தங்கையின் கணவன் ஒரு புட்டி கொண்டுவந்தான். தங்கை அதைத் தூக்கிக் காட்டிக் கேட்டாள்.

"அக்கா, இது உங்க லேபு படம்தானே?"

"ஆமா," என்றாள். அவள் எடுத்த படம். புட்டியில் பார்த்ததும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதற்குப் பிறகு, "ஆனா ஊசியை விட்டுடாதே" என்றும் சொன்னாள். பத்துத் தடவை சொல்லியிருப்பாள். அழுதும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். ஆனால் தங்கையின் காதில் ஏறியது முதலில் சொன்ன அந்த ஒற்றைச் சொல்தான். ஒன்பது மாதம் ஊசிக்குப் போகாமல் பொடியைக் கலக்கிக் குடித்தாள். பத்தாவது மாதம் குடிக்க ஆளில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் விதி என்றார்கள்.  விதி என்றால் அதற்குக் கடை விலாசம் இருக்காது. இதற்கு இருந்தது.

*

ஒருநாள் மதியம் அந்தக் கடைக்குப் போனாள். ஆளைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர வேறு திட்டம் இல்லை.

கண்ணாடிக் கதவு. துடைத்து வைத்த அலமாரிகள். மேசைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர். பொத்தான்களை ஒழுங்காகப் போட்டிருந்தார். அதுகூட அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உட்காருங்கம்மா. யாருக்கு?"

"தங்கச்சிக்கு. மார்புல."

"ஆரம்பமா, முத்தினதா?"

"ஆரம்பம்."

"அப்புறம் ஏம்மா முகத்தை இப்படி வச்சிருக்கீங்க? ஆரம்பம்னா நமக்கு ரொம்ப லேசு." புட்டியைத் திருப்பிப் படத்தில் விரல் வைத்தார். "இந்தப் பக்கம் ஊதா, அது புற்று. அந்தப் பக்கம் மஞ்சள், காலி. இதை நான் சொல்லல. படிச்சவங்க, லேபுல உட்கார்ந்து ராப்பகலா கண்டுபிடிச்சது."

"ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திடணுமா?"

"ஐயையோ, நிறுத்துங்கன்னு என் வாயால சொல்லவே மாட்டேன்." சற்றுக் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு சொல்றேன். ஒரே அடுப்புல ரெண்டு பேரு சமைச்சா என்னாகும்? உப்பு ரெண்டு தடவை விழும். அவ்வளவுதான். மத்தது உங்க இஷ்டம்."

"நீங்க இதைச் சாப்பிடுவீங்களா?"

"நல்லாக் கேட்டீங்க!" மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து, புட்டியைத் திறந்து, அவள் கண்ணெதிரே ஒரு வாய் போட்டுத் தண்ணீர் குடித்தார். "தினம் காலைல. எங்கம்மாவுக்கும் நான்தான் கலக்கிக் குடுக்கறேன். எண்பத்தொரு வயசு. என்னை இன்னும் பேரு சொல்லித் திட்டுறாங்க."

அவள் எதிர்பார்த்து வந்தது ஒரு திருட்டு முழியை. இந்த ஆள் தன் பொடியைத் தானே நம்புகிறவராக இருந்தார். அது அவளுடைய கோபத்தைக் குறைக்கவில்லை. வேறு இடத்துக்கு நகர்த்தியது. ஏமாற்றுகிறவன் மிரட்டினால் பயப்படுவான். நம்புகிறவனுக்குப் பயம் கிடையாது. அவனை வாயால் வெல்ல முடியாது. அவன் நம்புகிற காகிதத்தைவிடக் கனமான காகிதம் வேண்டும்.

"சந்தேகமா இருந்தா அந்த லேபுக்கே போய்க் கேளுங்க," என்றார் பொடிக்காரர். "அங்க ஒரு அம்மா இருக்காங்களாம். அவங்க சொன்னா காளானே கேட்குமாம்."

"கேட்காது," என்றாள் எழுந்துகொண்டே. "யாரு சொன்னாலும் அது கேட்காது."

வீட்டுக்கு வந்ததும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். ஒரே பக்கம். அழுகை ஒரு வரிகூட இல்லை. அலுவலகம் பொடிக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அவர் படத்தைக் காட்டினார். உடனே அலுவலகம், கடையிலிருந்து எடுத்து முத்திரை வைத்த மூன்று புட்டிகளோடு, ஆய்வகத்துக்கு இரண்டு கேள்வி எழுதியது. புட்டியில் இருப்பது என்ன? படத்தில் இருப்பதை அது செய்கிறதா?

*

"இதை நீங்க செய்யக் கூடாது," என்றார் பேராசிரியர். "புகார் குடுத்ததே நீங்க."

"வேற யாரு சார் செய்வாங்க? புதுசா வந்தவங்களுக்குப் பிப்பெட் பிடிக்கறப்ப கை ஆடுது."

"நாளைக்கு அவங்க வக்கீல், பழிவாங்கறதுக்காக எழுதினதுன்னு சொல்லுவான்."

"பழிவாங்கறதுக்காகத்தான் சார் செய்யறேன். அதனாலதான் ஒரு ஓட்டை இருக்கக் கூடாது. என் கண்ணைக் கட்டிடுங்க."

அந்த வேலையில் அதற்கு ஒரு வழி உண்டு. சோதிக்க வேண்டியவற்றை எல்லாம் ஒரே மாதிரிச் சிறு குப்பிகளில் நிரப்பி, பெயரை மறைத்து எண் மட்டும் போட்டுவிட வேண்டும். எந்த எண் எது என்ற பட்டியல் இன்னொருவர் பூட்டில் இருக்கும். சோதிக்கிற கைக்கு எதுவும் தெரியாது. ஸ்டோர்காரர் அந்தப் பொறுப்பை ஏற்றார். ஏழு குப்பிகள். புட்டிப் பொடியின் சாறு மூன்று, அவள் வளர்த்த மினுக்கியின் சாறு ஒன்று, வெறும் தானிய மாவின் சாறு ஒன்று, எல்லாவற்றையும் கரைக்கப் பயன்படும் கரைப்பான் மட்டும் ஒன்று, புற்றுக்கு மருத்துவமனையில் ஏற்றுகிற மருந்து ஒன்று.

"சாவி எங்க வச்சிருக்கீங்க?"

"சொல்ல மாட்டேன்."

"ஒரு தடவை பார்த்துட்டுத் தந்துடறேன்."

"பாரு, இதுக்குத்தான் உன்னை அக்கான்னு கூப்பிடறது," என்றார் ஸ்டோர்காரர். சாவி அவருடைய காலுறைக்குள் இருந்தது. முடிவு வரும்வரை பத்து நாள் நொண்டிக்கொண்டே நடந்தார்.

செல் சோதனைக்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அதற்குக் கண்ணைக் கட்ட வேண்டியதில்லை. நிஜமான மினுக்கியைப் பொடித்து அயோடின் ஒரு சொட்டு விட்டால் பழுப்பு பழுப்பாகவே இருக்கும். மாவுச்சத்து இருந்தால் கருநீலமாக மாறும். பேராசிரியரும் ஸ்டோர்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, முத்திரை உடைத்த மூன்று புட்டிகளிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து வைத்துச் சொட்டு விட்டாள். விட்ட கணமே மூன்றும் மைக்கூடு கவிழ்ந்ததுபோல் கறுத்தன.

காளானைத் தானியத்தின் மேல் வளர்ப்பார்கள். காளான் விரியும்வரை பொறுமை இல்லாதவர்கள், வேர்போல் படர்ந்த பூசணத்தோடு தானியத்தையும் சேர்த்துக் காயவைத்து அரைத்துவிடுவார்கள். பொடிக்காரருக்குச் சரக்கு அனுப்பியவன் அதைத்தான் செய்திருந்தான். பூசணம் பேருக்கு இருந்தது. மிச்சமெல்லாம் மாவு.

தங்கை போய்ப் பதினான்கு மாதம் கழித்து அன்றுதான் அவள் சிரித்தாள். பக்கத்தில் நின்ற ஸ்டோர்காரருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

*

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் ஆள் காத்திருப்பதாகச் சொன்னார்கள். தங்கையின் கணவன். லிப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தான், விரலிடுக்கில் கிரீஸ்.

"அக்கா, பொடியைச் சோதிக்கிறீங்களாமே."

"பொடி நல்லதுன்னு அந்த ஆளுக்குக் கடிதம் எழுதிக் குடுத்திருக்கியாமே, மாப்ள. எழுத்துப் பிழை இல்லாம எழுதினியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அவளுக்கு வலி குறைஞ்சது நிஜம்க்கா. பொடி குடிச்ச அன்னைக்கு அவ நல்லாத் தூங்கினா. அதைத்தான் எழுதினேன்."

"சரி."

"அதுல என்னக்கா இருக்கு?"

சொல்லக் கூடாது. அறிக்கை போகுமுன் எதையும் வெளியே சொல்லக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவளே அவள்தான். ஆனாலும் சொன்னாள்.

"மாவு."

அவன் அதை முதலில் புரிந்துகொள்ளவில்லை. பிறகு முகம் மாறியது. "மாவுன்னா... ஒன்பது மாசம்க்கா. கட்டி தட்டக் கூடாதுன்னு வெந்நீர்ல கலக்கிக் கலக்கிக் குடுத்தேனே. அப்ப நான் அவளுக்கு என்ன குடுத்தேன்?"

"அதான் சொல்றேனே. மாவு குடுத்தே."

எத்தனை மாதமாக வாய்க்குள் வைத்திருந்த கல். அவன் மேல் போய்ச் சரியாக விழுந்தது. விழுந்த இடத்திலிருந்தே அவன் அதைத் திருப்பி எறிந்தான். குரல் உயரவில்லை.

"நீங்கதானேக்கா ஆமான்னு சொன்னீங்க."

"படம் எங்களுதுன்னு சொன்னேன். பொடி எங்களுதுன்னு சொன்னேனா?"

"அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். அவளுக்கு எப்படிக்கா தெரியும்? அவ அந்தப் படத்தைப் பார்த்துத்தான் குடிச்சா. மஞ்சள் ஆயிடும், மஞ்சள் ஆயிடும்னு சொல்லிக்கிட்டே குடிச்சா."

அவன் போன பிறகு அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடி, மேலே ஏறி வந்தாள். படத்தில் தப்பில்லை என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டாள். படம் நிஜம். அதைப் பொய்ப் புட்டியில் ஒட்டியவன்தான் குற்றவாளி. உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும்.

*

மூன்று நாள் இடைவெளி விட்டு மூன்று முறை சோதனை செய்தாள். மூன்றாவது தட்டையும் படித்து, எண்களை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, ஸ்டோர்காரர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிச் சாவியை எடுத்துப் பட்டியலைக் கொண்டுவந்தார்.

இரண்டு, ஐந்து, ஆறு எண்களில் ஒரு குழிகூட வெளிறவில்லை. அத்தனையும் ஊதா. மூன்றும் பொடி. மாவுச் சாறு இருந்த ஏழாம் எண்ணுக்கும் பொடிக்கும் எள்ளளவு வித்தியாசம் இல்லை. கரைப்பான் மட்டும் இருந்த முதல் எண்ணும் ஊதா. எந்த அளவில் விட்டாலும் எல்லாக் குழியையும் மஞ்சளாக்கியது மூன்றாம் எண். அது தங்கை ஒரே முறை ஏற்றிக்கொண்டு விட்டுவிட்ட மருத்துவமனை மருந்து. அந்த வரிசையின் மேல் காளானக்கா கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தாள்.

"முடிஞ்சதா? ஆளு ஒழிஞ்சான்," என்றார் ஸ்டோர்காரர். "இனிமேலாவது ராத்திரியில தூங்கு."

அவள் நான்காம் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு, மினுக்கி. அவள் கையால் கட்டையில் வளர்த்த நிஜமான மினுக்கி. கட்டுரையில் இருந்த அதே அளவுகள். படத்தின்படி கடைசி மூன்று வரிசை மஞ்சளாக வேண்டும். ஆகவில்லை. மிக அதிக அளவில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு வெளிறியிருந்தது. மூன்று முறையும் அப்படியே.

பழைய குறிப்பேடுகள் அடி அலமாரியில் இருந்தன. ஆறு வருடத்துக்கு முந்தையதை எடுத்து நின்றபடியே புரட்டினாள். அவளுடைய கையெழுத்துத்தான், இப்போதைவிடக் கொஞ்சம் உருண்டை. தேதி, அளவு, எல்லாம் சுத்தம். கடைசி மூன்று அளவுகளுக்கு எதிரே ஒரு குறிப்பு: 'பிசின் கரையவில்லை. கரைப்பான் கூட்டினேன். நன்றாகக் கரைந்தது.'

அந்த நாள் நினைவுக்கு வந்தது. சாறு கெட்டியாகி, பசைபோல் குப்பியின் அடியில் உட்கார்ந்துகொண்டது. கரைப்பானைப் பத்து மடங்கு ஊற்றியதும் தெளிந்தது. தன் சாமர்த்தியத்தை அன்றைக்கு அவளே மெச்சிக்கொண்டாள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த, காளான் போடாத குழிகளில் பழைய அளவுக் கரைப்பானையே விட்டிருந்தாள். அங்கே கூட்டவில்லை. கூட்ட வேண்டும் என்று அன்று தோன்றவே இல்லை; இந்த முறை சாற்றை இளஞ்சூட்டில் கரைத்து, எல்லாக் குப்பியிலும் ஒரே அளவுக் கரைப்பான்தான் ஊற்றியிருந்தார்கள். புட்டி கழுவ வந்து, பார்த்துப் பார்த்தே தொழில் படித்தவளுக்குக் கரைய வேண்டியது கரைந்ததா என்பதுதான் கண்ணில் பட்டது. அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சரிபார்க்க வேண்டியவர் படம் அழகாக இருந்ததால் சரிபார்க்கவில்லை.

குறிப்பேட்டை மூடவில்லை. புதுத் தட்டு எடுத்தாள். மினுக்கி இல்லை, பொடி இல்லை. கடைசி மூன்று வரிசைக்கு, அன்று ஊற்றிய அளவில் வெறும் கரைப்பான் மட்டும். இரண்டு நாள் கழித்துச் சாயம் விட்டு, மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

இடப்பக்கம் ஊதா. கடைசி மூன்று வரிசை பளிச்சென்ற மஞ்சள். காளானே படாத அந்தத் தட்டு, புட்டியில் ஒட்டியிருந்த படத்துக்கு அச்சு அசலாக இருந்தது.

செல்லைக் கொன்றது காளான் இல்லை. கரைப்பான். அதை ஊற்றிய கை அவளுடையது. தட்டில் இருக்கிற செல்லைக் கொல்லப் பெரிய ஆயுதம் எதுவும் வேண்டாம், வினிகர் ஊற்றினாலும் சாகும். இதையும் அவள்தான் புதியவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

யாரையெல்லாம் பழிவாங்க வேண்டும் என்று பதினான்கு மாதமாக மனதுக்குள் ஒரு வரிசை வைத்திருந்தாள். பொடிக்காரன், அவனுக்குச் சரக்கு அனுப்பியவன், கடிதம் எழுதிய மாப்பிள்ளை. அந்த வரிசையில் இப்போது ஒரு பெண்ணும் வந்து நின்றாள். மற்றவர்களுக்கு என்ன தண்டனை யோசித்தாளோ, அதில் ஒரு பிடிகூட இவளுக்குக் குறைக்க முடியாது என்று தோன்றியது.

*

பேராசிரியர் அறிக்கையைக் கடைசித் தாளிலிருந்து படிப்பவர். அதனால் பன்னிரண்டாம் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டார்.

"என்ன இது?"

"பழைய படம் எப்படி வந்ததுன்னு எழுதியிருக்கேன் சார். குறிப்பேட்டுப் பக்கத்தோட நகலும் வச்சிருக்கேன்."

"அவங்க கேட்டது ரெண்டு கேள்வி. பொடியில என்ன இருக்கு, பொடி என்ன செய்யுது. மாவு இருக்கு, ஒண்ணும் செய்யல. பதினொரு பக்கத்துல முடிஞ்சது. கட்டுரையைப் பத்தி யாரு கேட்டா?"

"படத்துல இருக்கறதைச் செய்யுதான்னு கேட்டிருக்காங்க. படத்துல இருக்கறதைக் காளானே செய்யல."

"அம்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது. "காளான்ல விஷயம் இருக்கு. மூணுல ஒரு பங்கு வெளிறியிருக்கு, நீங்களே எழுதியிருக்கீங்க. அது சின்னதில்ல. இன்னும் பத்து வருஷம் உழைச்சா அதுக்குள்ள இருக்கற சத்தைத் தனியாப் பிரிச்சு எடுக்கலாம். மருந்தாவே ஆகலாம். இந்தத் தாள் போச்சுன்னா அந்த வேலைக்கே ஒருத்தரும் ஆதரவு தர மாட்டாங்க."

"மருந்தானா நல்லது சார். அன்னைக்கு அதுக்கு வேற படம் எடுத்துக்கலாம்."

"இதுல என் பேரு இருக்கு."

"இருக்கு. என் பேரு இல்ல. நன்றின்னு ஒரு வரி இருக்கு, அதுவும் பேரில்லாம. நான் வாயை மூடிக்கிட்டா என்னை யாரும் கண்டுபிடிக்க முடியாது." நிறுத்தினாள். "பொடிக்காரன் இந்தப் புட்டியை மூடிட்டு நாளைக்கே நிஜக் காளானை அரைச்சு வேற புட்டியில போடுவான் சார். அதுலயும் இதே படத்தை ஒட்டுவான். படம் நிக்கற வரைக்கும் அவன் நிப்பான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க. ஏற்கெனவே ஒருத்தி அதைச் சாப்பிட்டுட்டா."

"உங்க வேலை போகும்."

"போகட்டும். புட்டி கழுவத் தெரியும்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. தன் பெயருக்கு மேல் ஒரு கோடு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவர் பேனாவை எடுத்துப் பதினொரு பக்கங்களில் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டாம் பக்கத்தைக் கையில் எடுத்து, மறுபடி ஒரு முறை படித்தார்.

"நீங்க கரைப்பானைக் கூட்டினதா எழுதியிருக்கீங்க. நான் சரிபார்க்கலைன்னு எழுதலையே?"

"அது உங்க வரி சார். நான் எழுதக் கூடாது."

ஒரு வரி எழுத அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. எழுதிக் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடாமல் கீழே வைத்தார்.

*

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மின்விசிறி சுழல்கிற ஒரே மேசைக்கு அவளை அனுப்பினார்கள். அதிகாரி ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், மூக்கில் இறங்கிய கண்ணாடி. உறையைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் படித்தாள். அயோடின் பக்கத்தில் தலையாட்டினாள். தட்டுகளின் படத்தில், "அப்ப சுத்த மாவு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். "இது போதும். கடைக்கு இந்த வாரமே பூட்டு. ஒன்பது கிளையும்."

"ஒன்பதா?"

"ஒன்பது."

ஒன்பது கதவிலும் பூட்டு தொங்குவதைக் காளானக்கா ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

அதிகாரி கடைசித் தாளுக்கு வந்தாள். பாதி படித்ததும் நிமிர்ந்தாள். மறுபடி குனிந்து முடித்தாள்.

"கரைப்பானைக் கூட்டின இந்தக் கை யாரோடது?"

"என்னோடது."

"இது நாங்க கேட்ட கேள்வியில வராதே. இது இல்லாமலே அவனை மூடிடலாம். இதை வச்சா கட்டுரையைத் திரும்பப் பெறணும், உங்க மேலயும் விசாரணை வரும். வேணும்னா இந்த ஒரு தாளை எடுத்துக்கிட்டுப் போங்க. நான் பார்க்கல."

"பக்க எண் போட்டிருக்கேன் மேடம்," என்றாள் காளானக்கா. "பன்னிரண்டுல பன்னிரண்டு. ஒண்ணை எடுத்தா மத்தது செல்லாது."

பன்னிரண்டு தாளையும் மேசையில் தட்டி விளிம்பு சேர்த்து, உறைக்குள் போட்டு, மேசையின் மறுபக்கத்துக்கு நகர்த்தினாள். அதிகாரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.